மொட்டையாகாத டயரின் வயது

மடுல்சீமையில் கதிர்காமத்துக்கு வேன் பேசுகிறவர்கள் எத்தனை பேர் ஏறலாம், வாடகை எவ்வளவு, பாட்டுப் போடலாமா என்று கேட்பார்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வந்திருந்தால் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்து, குனிந்து பார்த்து, "மொட்டை இல்ல, டயர் நல்லாத்தான் இருக்கு" என்பார். சாரதியும் தன் பங்குக்கு ஒரு டயரைக் காலால் உதைத்துக் காட்டுவார். டயர் விசாரணை அவ்வளவில் முடிந்து, பேச்சு மறுபடி வாடகைக்குத் திரும்பிவிடும்.

அந்தப் பெரியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் டயரின் நலத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: மேல் தோலில் பள்ளம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, உள்ளே காற்று எவ்வளவு, அது எந்த ஆண்டில் பிறந்தது. பள்ளம் கண்ணுக்குத் தெரியும். காற்று கண்ணை ஏமாற்றும். பிறந்த ஆண்டோ டயரிலேயே அச்சாகியிருக்கிறது, படிப்பாரில்லை. ஊவாத் தோட்டப் புறங்களில் ஓடும் கார், வேன், ஆட்டோ ஆகியவற்றைப் பொறுத்தவரை, நாம் பார்க்கிற அந்த ஒன்றைவிடப் பார்க்காமல் விடுகிற இரண்டிலுமே ஆபத்து அதிகம் என்பது என் கணிப்பு. அதற்கான காரணம் எங்கள் மலையின் சுபாவத்திலேயே இருக்கிறது.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை என்று கிழக்கே செங்கலடி வரை போகிற ஏ5 வீதியிலிருந்து, பசறைப் பக்கம் பிரிந்து ஏறினால் மடுல்சீமை. ஒரு புறம் தேயிலை, மறுபுறம் கிடுகிடு பள்ளம். பிட்டமாருவையில் 'சின்ன உலக முடிவு' என்று உல்லாசப் பயணிகள் தேடி வரும் செங்குத்து விளிம்பில் நின்றால் கீழே கிழக்குச் சமவெளி வெயிலில் காய்ந்து கிடப்பது தெரியும். மேலே மப்ளர், கீழே வியர்வை. இரண்டுக்கும் இடையே சில மணி நேர ஓட்டம்தான். எங்கள் வாகனங்களின் டயர்கள் இந்த இரண்டு உலகத்திலும் பிழைத்தாக வேண்டும்.

இந்த வீதிகளின் துயரக் கணக்கு நாடறிந்தது. 2021 மார்ச் 20 காலையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் விழுந்தது. பதினான்கு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 2024 நவம்பர் 1ஆம் திகதி துன்ஹிந்தைப் பகுதியில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பஸ் புரண்டது. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களின் சுற்றுலா பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தனர். இவற்றில் எதையும் டயர் விபத்து என்று நான் சொல்லவில்லை. பசறையில் பேசப்பட்டது வீதியில் விழுந்து கிடந்த பாறையும் எதிரே வந்த டிப்பரும். எல்லவில் பேசப்பட்டது பிரேக். இங்கே எந்த விபத்துக்குப் பிறகும் ஊர் சொல்லும் தீர்ப்பு இரண்டே இரண்டுதான்: "ட்ரைவர் ஓவர் ஸ்பீட்" அல்லது "பிரேக் புடிக்கல". மூன்றாவதாக ஒரு கேள்வி எழுந்து நான் கேட்டதேயில்லை. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வாகனத்தை நிறுத்துவது டயர். சக்கரம் சுற்றுவதை நிறுத்திய பிறகும் வண்டி வழுக்கிக்கொண்டே போகலாம் என்பது, மழை நாளில் பாசி படிந்த கொங்கிரீட் தோட்டப் பாதையில் இறங்கிய எவருக்கும் தெரியும்.

அந்தப் பிடி எவ்வளவு சிறியது என்று ஒரு தடவை கணக்குப் பார்த்தால் தூக்கம் போய்விடும். நான்கு பேரும் ஒரு மூட்டையும் ஏறிய சிறிய காரில் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 280 கிலோ நிற்கிறது. டயரில் 32 ராத்தல் காற்று. ஒரு சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் என்பதைத்தான் நம்மவர்கள் சுருக்கி ராத்தல் என்கிறார்கள். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. 280ஐ 2.25ஆல் வகுத்தால் 125 சதுர சென்ரிமீற்றர். வளர்ந்த ஆளின் உள்ளங்கையளவு. ஒரு முழுக் குடும்பமும் நான்கு உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது.

இந்தக் கணக்கைக் கேட்ட உடனே புத்திசாலிச் சாரதி ஒருவர் சொல்லக்கூடியது: "அப்ப காத்தக் கொறச்சா உள்ளங்கை பெருசாகும், புடி கூடும்தானே?" தோட்டப் புறங்களில் வேரோடிய நம்பிக்கை இது. மழைக்காலம் வந்தால் சிலர் ஐந்தாறு ராத்தல் இறக்கிவிடுவதும் உண்டு. சேற்றில் இறங்கும் டிரெக்டருக்கு அது பொருந்தும். தார் வீதியில் ஓடும் காருக்குப் பொருந்தாது. காற்றுக் குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ள, பாரம் முழுவதும் இரண்டு ஓரங்களுக்குப் போகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் டயரின் பக்கச்சுவர் வளைகிறது, அதற்குப் பிறகுதான் வண்டி திரும்புகிறது. மட்டமான நேர் வீதியில் அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது. மடுல்சீமை வளைவில், எதிரே கொழுந்து லொறி வந்து நிற்கும்போது, அது தெரியும்.

பாரம் தாங்கும் சக்தியும் காற்றோடு சேர்ந்தே இறங்குகிறது. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் 75 என்ற எண் இருந்தால், முழுக் காற்றில் அது 387 கிலோ தாங்கும் என்று பொருள். காற்று 20 ராத்தலுக்கு இறங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 240 கிலோ அளவுதான் மிஞ்சும். மேலே நிற்பதோ 280. ஆக, சட்டப்படி நான்கு பேர் மட்டுமே ஏறிய வண்டியும் 'ஓவர்லோட்' வண்டிதான். பொலிஸ்காரர் தலைகளை எண்ணுவார். காற்றை எண்ண முடியாது.

கண்ணாலும் முடியாது. இன்றைய ரேடியல் டயர்கள் சரியான காற்றிலும் அடிப்பக்கம் சற்றுப் பிதுங்கியே நிற்கும். 32க்கும் 24க்கும் வேறுபாடு சொல்லக்கூடிய கண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை. உதைத்துப் பார்ப்பதும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பதும் முற்றாகக் காற்றுப் போன டயரைக் காட்டிக்கொடுக்கும். பாதி போனதைக் காட்டாது. பஸ், லொறிகளின் பின் சக்கரத்தில் இரட்டை டயர்களுக்குள் உள்ளே இருப்பது இன்னும் மோசம். அது காற்று இழந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலும் வெளி டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்து, எல்லாம் சரி என்ற தோற்றத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும், அது வெடிக்கும் வரை. நல்ல நிலையில் இருக்கும் டயரே மாதத்துக்கு ஒன்றிரண்டு ராத்தல் இழப்பது இயற்கை. ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசியும். ஆணி ஏற வேண்டிய அவசியமில்லை. ஆறு மாதம் அளக்காமல் விட்ட வேன், யாரும் எந்தத் தவறும் செய்யாமலே, 32லிருந்து 22க்கு வந்துவிடலாம்.

எவ்வளவு அடிப்பது என்பதிலும் ஒரு பழைய குழப்பம். டயரின் பக்கத்தில் அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்த்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. உங்கள் வண்டிக்குரிய அளவு சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சிட்டையில் இருக்கும்; முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, ஆள் நிறைந்தால் வேறொன்று. ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் அது ஜப்பானிய எழுத்தில் இருந்தாலும் எண்கள் எண்கள்தான். அங்கே கிலோபாஸ்கலில் 220 என்று இருந்தால் 32 ராத்தல்.

மலையில் ஏறினால் காற்றுக் கணக்கு மாறுமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி, பதில் வேடிக்கையானது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கொழும்பில் 32 காட்டிய அளவுகோல் மேலே ஒன்றரை ராத்தலுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் அதே ஆயிரம் மீற்றரில் குளிர் ஆறேழு பாகை கூடிவிடும். அது ஒரு ராத்தலைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். கூட்டிக் கழித்தால் வித்தியாசம் ஒரு ராத்தல்கூட இல்லை. ஏற்றத்துக்கென்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை.

இறக்கத்தில்தான் வினை. "கீழ வெயில், டயர் வெடிச்சிரும்" என்று வெல்லவாயவிலோ பிபிலையிலோ நிறுத்தி, கைக்குச் சுடுகிற டயரிலிருந்து காற்றை இறக்கிவிடுகிறார்களே, அதைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் டயருக்குச் செய்யப்படும் பாவங்களில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். அதிகாலை மடுல்சீமையில் 20 பாகைக் குளிரில் 32 அடித்த டயர், ஓடி ஓடி 50 பாகைக்குச் சூடேறினால் 36, 37 காட்டும். அது நோயல்ல. டயரைச் செய்தவர்கள் அந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுத்துத்தான் குளிர் நிலை அளவைச் சொல்கிறார்கள். சூட்டில் 37ஐ 32 ஆக்கியவரின் டயரில், மறுநாள் காலை ஆறிய பின் இருப்பது 27, 28. குறைந்த காற்றில் ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திருப்பித் திருப்பி வளைத்தால் வளைந்த இடம் சுடுமே, அதே கதைதான். அந்தச் சூடு டயரை மேலும் இளக்குகிறது. வெடித்துவிடும் என்று பயந்து காற்றை இறக்கியவர், வெடிப்பதற்கான சூட்டைத் தன் கையாலேயே ஏற்பாடு செய்து வைக்கிறார்.

மலை இறக்கத்தில் இன்னொரு சூடும் சேர்கிறது. கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிற வண்டியில், பிரேக் டிரம்மின் கொதிப்பு ரிம்முக்கும் ரிம்மிலிருந்து டயரின் விளிம்புக்கும் ஏறும். பழைய சாரதிமார் "ஏறின கியர்லயே எறங்கு" என்று சொல்லிக்கொடுத்தது பிரேக்குக்காக. டயருக்கும் அது காப்பு.

இனி வயதுக்கு வருவோம். ரப்பர் மரத்துப் பாலைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியான, மீளும் தன்மையுள்ள பொருளாகும் என்று சார்ள்ஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். 1888இல் பெல்பாஸ்ற்றில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லப் அதற்குள் காற்றை அடைத்துச் சைக்கிளில் பூட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை மாறாத ஒன்று, ரப்பரை ஒட்சிசன் தின்னும் என்பது. டயரை வெளியிலிருந்து ஓசோனும் வெயிலும் அரிக்கின்றன. அது பக்கச்சுவரில் சுருக்க வெடிப்பாகத் தெரியும். ஆபத்தான அரிப்பு உள்ளிருந்து வருகிறது. 32 ராத்தல் அடைத்த காற்றில் உள்ள ஒட்சிசனின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட மூன்று மடங்கு. அது உட்சுவரைத் துளைத்து மெல்ல வெளியேறும் வழியில்தான் எஃகு இழைப் பட்டைகளைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக அந்த ரப்பர் இறுகி, வலுவிழந்து, ஒரு நாள் பட்டையை விட்டுவிடுகிறது. மேல் தோல் வாழைப்பட்டை உரிவதுபோல் உரிந்து போகும். அந்தக் கடைசி நிமிடம் வரை பள்ளம் பள்ளமாகவே இருக்கும். பாவிக்காத ஸ்பேர் டயரும் காற்றடைத்தே கிடப்பதால் அதுவும் இருந்த இடத்திலிருந்தே மூப்படைகிறது. ஓடாத டயருக்கு இன்னொரு குறை: வெடிப்பைத் தடுக்க ரப்பரில் கலந்த மெழுகு, டயர் உருண்டு மடங்கும்போதுதான் மேலே கசிந்து வரும். மாதக் கணக்கில் கொட்டகையில் நிற்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

ரசாயன மாற்றங்கள் பத்துப் பாகை ஏறினால் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் நடக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பழைய விதி. அப்படியானால் எங்கள் குளிர் டயருக்கு நல்லதுதானே? ஆம், நல்லது. வேகமும் இங்கே மணிக்கு 25, 30 கிலோமீற்றர்தான்; சூடேற வாய்ப்பில்லை. அதனால்தான் பத்து வருட டயர் மலையில் பத்திரமாக ஓடுகிறது. "நம்ம வண்டிக்கு இது போதும்" என்ற நினைப்பும் அதனால்தான் வருகிறது. ஓய்வு பெற்ற தோட்டத்துக் கிளாக்கரின் கார் வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீற்றர்கூட ஓடாது. அதன் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். மலை மன்னித்து வைத்திருக்கிற டயர் அது. ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்கோ, பள்ளி விடுமுறையில் பாசிக்குடாவுக்கோ, மகனை விமான நிலையத்துக்கு ஏற்றிவிட மத்தலயில் அதிவேகப் பாதை ஏறி கொழும்புப் பக்கமோ போகும் அந்த ஒரு நாளில், நிறைந்த பாரம், 35 பாகை வெயில், 80, 100 கிலோமீற்றர் வேகம் எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. வருடம் முழுவதும் எழுதாத பரீட்சையை டயர் ஒரே நாளில் எழுத வேண்டியிருக்கிறது.

வெப்பமும் வயதும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் எண்கள் இருக்கின்றன. அங்குள்ள வீதிப் பாதுகாப்பு நிருவாகம் 2007இல் காங்கிரசுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு பெரிய காப்புறுதிக் கம்பனியின் கணக்கு வருகிறது: அதன் வாடிக்கையாளர்களில் 27 சதவீதத்தினரே வெப்பம் மிகுந்த ஐந்து மாநிலங்களில் இருந்தார்கள்; டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்தே வந்தன; அவற்றிலும் 84 சதவீதம் ஆறு வயதைத் தாண்டிய டயர்கள். அதற்கு முன்பே, 2000 ஓகஸ்ற்றில், ஃபயர்ஸ்டோன் கம்பனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் அந்த டயர்கள் தோல் உரிய, வண்டிகள் புரண்டதில் அமெரிக்காவில் மட்டும் 271 மரணங்கள். டயரில் செய்முறைக் குறை இருந்தது. அதோடு, வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று ஃபோர்ட் 26 ராத்தல் போதும் என்று சொல்லி வைத்திருந்தது. டயர்க்காரர் 30 என்றார். நான்கு ராத்தல் வித்தியாசம் நீதிமன்றங்கள் வரை இழுபட்டது. அதற்குப் பிறகுதான், காற்றுக் குறைந்தால் விளக்கெரியும் கருவி அங்கே புதுக் கார்களில் கட்டாயமாயிற்று. இங்கே வந்திருக்கும் புதிய வண்டிகள் சிலவற்றிலும் அந்த மஞ்சள் விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் அதை அணைப்பது எப்படி என்றுதான் முதலில் விசாரிக்கிறோம்.

எனக்கு இதைவிட நெருக்கமாகப் படுவது இங்கிலாந்துக் கதை. 2012 செப்டம்பரில் ஒரு இசை விழா முடிந்து திரும்பிய இளைஞர்களின் பஸ், ஹைண்ட்ஹெட் அருகே ஏ3 வீதியில் முன் டயர் வெடித்து மரத்தில் மோதியது. மூவர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: அந்த டயருக்கு வயது 19. அது பஸ்ஸைவிட மூத்தது. ஆனால் பள்ளம் சட்டம் கேட்ட அளவுக்கு இருந்தது, ஆகவே சட்டப்படி குற்றமில்லை. மகனை இழந்த தாய் ஒருவர் ஆண்டுக்கணக்காக அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். 2021 பெப்ரவரி 1 முதல், பத்து வயதைத் தாண்டிய டயரை லொறி, பஸ்களின் முன் அச்சிலும், மினிபஸ்களின் ஒற்றைச் சக்கரங்களிலும் பூட்டக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. வேனைச் சுற்றி நடந்த எங்கள் பெரியவர் அந்த பஸ்ஸையும் சுற்றி நடந்திருந்தால், "டயர் நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

எத்தனை வயது வரை வைத்திருக்கலாம் என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒருமித்த பேச்சில்லை. ஃபோர்ட் போன்ற வாகனக் கம்பனிகள் ஆறு வருடம் என்கின்றன. மிஷெலின் போன்ற டயர்க் கம்பனிகள், ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கழற்றிப் பரிசோதித்தால் பத்து வருடம் வரை போகலாம், அதற்கு மேல் எப்படி இருந்தாலும் வேண்டாம் என்கின்றன. வண்டி விற்பவர் தன் பெயரைக் காப்பாற்றுகிறார், டயர் விற்பவர் தன் டயரின் பெருமையைக் காப்பாற்றுகிறார் என்று கிண்டலாகச் சொல்லலாம். தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்குப் பத்தை நான் ஒத்துக்கொள்வேன். ஆள் ஏற்றிச் சமவெளிக்கு இறங்கும் வேனுக்கு ஆறு; அதிலும் முன் டயருக்கு இரக்கமே காட்டக் கூடாது.

வயதைப் படிப்பது எளிது. பக்கச்சுவரில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம். 3712 என்றால் 2012ஆம் ஆண்டின் 37ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முன் பிறந்தது. மரியாதையோடு அடக்கம் செய்துவிடலாம். ஒரு சங்கடம், இந்த இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். அந்தப் பக்கம் உட்புறமாகப் பூட்டப்பட்டிருந்தால் வண்டிக்கடியில் படுத்து டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 3712 நான் கற்பனையாக எழுதிய எண்ணில்லை. சென்ற வருடம் என் வண்டியின் ஸ்பேர் வீலைக் கழற்றியபோது அதில் இருந்த எண். பளபளவென்று, ஒரு மில்லிமீற்றர்கூடத் தேயாமல், புத்தம் புதிதாக இருந்தது. அதை நம்பித்தான் பத்து வருடமாகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய் வந்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தாலும் புது டயர் வாங்கக் காசு வேண்டும். இந்த இடத்தில் எந்த உபதேசமும் தடுமாறும். தேயிலைத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி சொன்னது 2024இல். அந்தச் சம்பளத்தில் ஒரு சிறிய காரின் ஒரு டயருக்குப் பத்து நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360ஐ எட்டியபோது, டயர் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி நடந்தவர்களில் நானும் ஒருவன். மொட்டை டயரைச் சூட்டுக் கத்தியால் கீறிப் பள்ளம் வெட்டுகிற தொழில் அந்தக் காலத்தில் செழித்தது. மறுபடி வெட்டுவதற்கென்று கூடுதல் ரப்பர் வைத்துச் செய்யப்பட்டு, அப்படியே முத்திரையும் இடப்பட்ட லொறி டயர்களுக்கு அது சரி. கார் டயரில் அப்படி வெட்டினால், எஃகிழைக்கு மேலிருக்கும் மெல்லிய காப்பையும் சீவி எடுத்ததாகும். பார்க்கிறவருக்குப் பள்ளம் தெரியும். டயருக்கு அது புண்.

ரீபில்ட் டயரை மட்டும் அதோடு சேர்த்துத் திட்டக் கூடாது. நல்ல உடம்புள்ள டயரை ஒழுங்கான பட்டறையில் பரிசோதித்துப் புதுத் தோல் ஒட்டினால் அது லொறிக்கும் பஸ்ஸின் பின் சக்கரத்துக்கும் நன்றாகவே உழைக்கும். நெடுஞ்சாலைகளில் சிதறிக் கிடக்கும் டயர்த் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்த அமெரிக்க ஆய்விலும், ரீபில்ட் செய்முறையைவிடக் காற்றுக் குறைவும் வீதிச் சேதமுமே பெரிய குற்றவாளிகளாகத் தெரிந்தன. ஆனாலும் அதே அமெரிக்காவில் பஸ்ஸின் முன் சக்கரத்தில் ரீபில்ட் பூட்டத் தடை இருக்கிறது. முன் டயர் போனால் ஸ்டியரிங் போயிற்று என்பதால் அந்த எச்சரிக்கை. எங்கள் மலை வீதிக்கு அதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை.

பாவித்த டயர் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது பள்ளத்தையல்ல, அந்த நான்கு இலக்கத்தை. ஜப்பானில் பாவித்து வந்த வண்டிகளோடு சில வேளை பனி டயர்களும் வந்துவிடும். பனிக்கட்டியில் ஓடுவதற்கென்று மிக மென்மையான ரப்பரில் செய்தவை அவை. தொட்டுப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும், நம் ஊர்த் தாரில் சீக்கிரம் கரையும், சூடான ஈரத் தரையில் எதிர்பார்த்த பிடியும் தராது. "ஜப்பான் டயர்" என்ற ஒரு சொல்லுக்காகக் காசு கொடுத்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் ரப்பர் நமக்குப் புதிதல்ல. 1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த ரப்பர் கன்றுகளை ஆசியாவில் முதலில் ஏற்ற மண்களில் ஒன்று, கம்பகாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டம். எங்கள் ஊவாவிலேயே மொனராகலையில் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. இன்று துறைமுகங்களிலும் களஞ்சியங்களிலும் ஓடும் பாரம் தூக்கும் வண்டிகளுக்கான திண்ம டயர்களை உலகுக்கு விற்பதில் இலங்கை முன்வரிசையில் நிற்கிறது. காற்றே தேவைப்படாத டயர் அது. காற்று வேண்டிய டயருக்குக் காற்றடிக்க மட்டும் மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

காற்றாவது மலிவு. அளவுகோல் ஒன்றுக்கு ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் சிறு துண்டு. காலையில், வண்டி எடுக்கும் முன், மாதம் இரண்டு தடவை. நைதரசன் அடிப்பதா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன்தான், மிச்சத்துக்கும் காசு கொடுக்க விருப்பமிருந்தால் கொடுக்கலாம். ஒவ்வொரு தோட்டத்துத் தொழிற்சாலையிலோ வண்டிக் கொட்டகையிலோ காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தோட்டத்து லொறிக்கு மட்டுமென்று பூட்டி வைத்திருப்பதை, வாரத்தில் ஒரு காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றிப் போகும் ஆட்டோக்களுக்கும் திறந்துவிட்டால் நிருவாகத்துக்கு நட்டம் வராது. ஒற்றை முன் சக்கரத்தை நம்பி ஓடுகிற அந்த வண்டியில் எத்தனை பிள்ளைகள் அடைந்து போகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறோம். கொழுந்து லொறியில் ஆட்களை ஏற்றுவது பற்றித் தொழிற்சங்கங்கள் பேசுவதுண்டு. லொறியின் உள் டயரில் காற்று எவ்வளவு என்றும் ஒரு நாள் கேட்கலாம்.

அரசாங்கம் என்ன பார்க்கிறது? வருடாந்த வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். வண்டியை நிறுத்தி, பின்னால் குழாய் சொருகி, புகையை அளந்து, ரசீது கொடுப்பார்கள். அந்தக் குழாய்க்கு அரையடி தள்ளி இருக்கும் டயரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேயே இன்னும் இரண்டு நிமிடம் செலவிட்டு, நான்கு இலக்கத்தைக் குறித்து, காற்றை அளந்து, அதே ரசீதில் எழுதிக் கொடுக்கலாம். புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. முதலில் எழுதிக் கொடுத்தாலே போதும். தன் வண்டிக்குப் பூட்டியிருப்பது பதின்மூன்று வயது டயர் என்று அச்சில் பார்த்தால் பாதிப் பேராவது யோசிப்பார்கள்.

என் 3712ஐக் கழற்றிக் கொல்லையில் போட்டேன். எங்கள் லயப் பக்கங்களில் டயர் செத்த பிறகுதான் அதன் உண்மையான வேலை தொடங்கும்: மண் சரியும் வரம்புக்கு அணை, செவ்வந்திக்குத் தொட்டி, பிள்ளைகளுக்கு ஊஞ்சல். மழை பிடித்த வாரத்தில் டெங்கு சோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். வாசலில் நின்ற வண்டியைத் தாண்டி நேரே கொல்லைக்குப் போனார். அந்த டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, டோர்ச் அடித்து, உள்விளிம்பைச் சுற்றி விரலால் தடவி, மறுபக்கம் புரட்டி அதையும் பார்த்தார். என் வாழ்நாளில் ஒரு அரச அதிகாரி டயரை அவ்வளவு கவனமாகப் பார்த்ததை அன்றுதான் கண்டேன். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. கொட்டிவிட்டு, எச்சரிக்கைத் துண்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.